நிஜப் பேர் எது?

ஹாஸ்டல் சுவர்ப் பத்திரிகையில் புனைபெயரில் கவிதை எழுதுற ஆளை எப்படிப் பிடிப்பீங்க? கையெழுத்தைப் பார்ப்பீங்க. எந்த நோட்டுல கிழிச்ச பேப்பர்னு பார்ப்பீங்க. அதே டெக்னிக்தான் பாஸ், ஆனா எழுதின ஆள் 19-ம் நூற்றாண்டுக்காரர்!

2001-ல் நியூயார்க்கில் ஒரு ஏலம். கையால் எழுதின 301 பக்க நாவல் ஒன்று விலைக்கு வந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸைத் தவிர யாரும் விலை கேட்கலை. எழுதியவர் பெயர் ஹன்னா கிராஃப்ட்ஸ், தப்பி வந்த அடிமைப் பெண்ணாம். 1948-லேயே அதை 85 டாலருக்கு வாங்கிப் பத்திரப்படுத்தியவர், ஹோவர்டு பல்கலைக்கழக நூலகர் டோரதி போர்ட்டர்.

2002-ல் புத்தகமாக வந்ததும் விற்பனையில் செம ஹிட். கூடவே சந்தேகமும் வந்தது. அடிமைக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கவே சட்டம் தடை போட்ட ஊர், வட கரோலினா. அங்கிருந்து வந்த பெண்ணுக்கு டிக்கன்ஸ் வரைக்கும் எப்படித் தெரியும்?

கிரெக் ஹெசிமோவிச் என்ற பேராசிரியர் களத்தில் இறங்கினார். நாவலில் வரும் முதலாளி வீலர், நிஜ மனுஷர். நிகரகுவாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். நாவல் எழுதின பேப்பரும் வீலர் குடும்பம் பயன்படுத்தின பேப்பரும் ஒண்ணு! உயில், டைரி எல்லாம் புரட்டி, அந்த வீட்டு அடிமைப் பெண்களை ஒவ்வொருத்தராகக் கழித்துக்கொண்டே வந்தார். 2013-ல் விடை கிடைத்தது: ஹன்னா பாண்ட். 1857 வாக்கில் ஆண் வேஷத்தில் தப்பியவர்.

டிக்கன்ஸ்? பக்கத்துப் பள்ளி மாணவிகள் வீலர் வீட்டில் தங்கிப் படிச்சாங்க. டிக்கன்ஸ் நாவலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது அவங்க பாடம். வேலை பார்த்துக்கிட்டே ஹன்னா காதில் வாங்கியிருக்கலாம். புத்தகத்தை ரகசியமா எடுத்துப் படிச்சும் இருக்கலாம். நாம அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ற கிளாஸ் ஞாபகம் வருதா?

இனிதான் விஷயமே. 'பாண்ட்' என்பது அவரோட பழைய எஜமானர் பேர். உடைமைக்கு ஒட்டின லேபிள் மாதிரி. தப்பி ஓடினப்போ நியூயார்க் மாநிலத்தில் அடைக்கலம் கொடுத்த விவசாயக் குடும்பத்தின் பேர், கிராஃப்ட். அந்த நன்றியில்தான் புனைபெயரே வைத்திருக்கணும் என்கிறார்கள்.

2023-ல் ஹெசிமோவிச் எழுதின வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலும் 'ஹன்னா கிராஃப்ட்ஸ்'தான். இத்தனை வருஷம் தேடி நிஜப் பேரைக் கண்டுபிடிச்சவர், அவங்களே தேர்ந்தெடுத்த பேரைத்தான் அட்டையில் போட்டார்.

இப்போ சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ், ரெண்டுல எது நிஜப் பேர்?