எழுத்து தடுக்கினால் பையன் மக்கா?

கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஒரு வெல்டிங் சரியில்லை என்று சந்தேகம் வந்தால் என்ன செய்கிறார்கள்? எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். குறை எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் தோண்டி எடுத்து மறுபடி வெல்டிங் செய்கிறார்கள். குழாயைப் பிரம்பால் அடிப்பதில்லை. "நீ உருப்படவே மாட்டே" என்று திட்டுவதும் இல்லை!

ஆனால் வெல்டர் வீட்டுப் பையன் "கொடி" என்ற சொல்லைப் படிக்கத் தடுமாறினால், அவனுக்கு மட்டும் எக்ஸ்ரே கிடையாது. 'மக்கு' பட்டம்தான். கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் என்றில்லை, பாலக்கரை, பொன்மலை, ஸ்ரீரங்கம் எங்கே போனாலும் இதே கதை.

பையன் நன்றாகப் பேசுகிறான். சினிமா பார்த்துவிட்டு வந்தால் ஒரு காட்சி விடாமல் சொல்கிறான். கடைக்கு அனுப்பினால் மிச்சச் சில்லறையை மனக்கணக்காகப் போட்டு வாங்கி வருகிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வியர்க்கிறது. வயிற்று வலி என்கிறான். "கொழுப்பு" என்கிறார் அப்பா. "கவனம் பத்தலை" என்கிறார் வாத்தியார். ஒரு டியூஷன் போதாதென்று இரண்டாவது டியூஷன் வைக்கிறாள் அம்மா. காசு போகிறது, எழுத்து வரவில்லை.

இதற்குப் பெயர் டிஸ்லெக்சியா. புத்திக் குறைவு அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. கண்ணாடி மாட்டினால் தீரும் கண் கோளாறும் அல்ல. ஒலியையும் எழுத்தையும் முடிச்சுப் போடுகிற வேலை மூளையில் மற்றவர்களுக்கு நடப்பதுபோல் தானாக நடப்பதில்லை. குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். பையனைத் திட்டுகிற அப்பாவே, வங்கியில் பாரம் நிரப்ப அடுத்தவரைத் தேடுகிறவராக இருக்கலாம்!

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் இப்படிக் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் என்கிறது. குறைந்தபட்சக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 40 பேர் உட்காரும் வகுப்பில் 2 பேர். அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கிலாந்துப் பையன்

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1887-ல் ஜெர்மன் கண் டாக்டர் ருடால்ஃப் பெர்லின் இந்தப் பெயரை வைத்தார். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டிலும் சளைத்தவன் இல்லை, கணக்கைச் சட்டென்று போடுவான். தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்தை இடம் மாற்றி "பிரெசி" என்று எழுதுவான்! பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதாகவும் டாக்டர் எழுதிவைத்தார்.

நூற்றுமுப்பது ஆண்டு ஆகப்போகிறது. நம் ஊரில் இன்னும் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் சுலபமா?

"அதெல்லாம் இங்கிலீஷுக்குத்தான். நம்ம தமிழில் எழுத்து எப்படியோ அப்படியே ஒலி, குழப்பமே கிடையாது" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல் பெரும் கூத்து என்பது உண்மைதான். அதற்காகத் தமிழை அவ்வளவு லேசாக எண்ணிவிடக் கூடாது.

"கொடி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. அப்புறம் க. அப்புறம் கால். வாயில் வருவதோ முதலில் க், அதற்குப் பிறகுதான் ஒ. கண் பார்க்கிற வரிசை ஒன்று, நாக்கு சொல்கிற வரிசை வேறு. ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கினால் "கோடி" ஆகிவிடும்!

"பம்பரம்" என்று எழுதிப் பாருங்கள். ப இரண்டு முறை வருகிறது. முதலில் ஓர் ஒலி, இரண்டாவது வேறு ஒலி. எழுத்து ஒன்றுதான். இதோடு ல, ள, ழ. ந, ன, ண. ர, ற. மொத்தம் 247 எழுத்து. போதாக்குறைக்கு, பையன் வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசுகிறான், புத்தகத்திலோ "வந்துவிட்டார்கள்" என்று இருக்கிறது. சாதாரணப் பிள்ளை போகப்போகப் பழகிவிடுகிற இந்தச் சங்கதிகள் ஒவ்வொன்றும் இந்தப் பிள்ளைக்கு ஒரு மேட்டு ஏற்றம். எழுத்துக்கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். தமிழிலும் தடுமாற்றம், இங்கிலீஷிலும் தடுமாற்றம். பல மாநிலத்துக்காரர்கள் வாழும் கைலாசபுரம் மாதிரி ஊரில், வீட்டில் பேசுவது தெலுங்காகவோ மலையாளமாகவோ இருந்தால் சொமை இன்னும் ஒரு படி கூடும்.

மருந்து மாத்திரை இல்லை

இதற்கு மாத்திரை கிடையாது. "ஒரே மாதத்தில் குணம்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கோட்டை விட வேண்டாம். சொல்லிக்கொடுக்கும் முறைதான் மருந்து. ஒரு சமயத்தில் ஓர் எழுத்து, ஓர் ஒலி. கண்ணால் பார்க்கணும், காதால் கேட்கணும், வாயால் சொல்லணும், விரலால் எழுதணும், நான்கும் ஒரே நேரத்தில். நன்றாகப் படிந்த பிறகுதான் அடுத்த எழுத்து. அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் பெயரில் பிரபலமான முறை இது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, ஒலியை உரக்கச் சொல்லவைத்தார்களே, அதற்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரிதான் தெரிகிறது. மணலுக்கா பஞ்சம் காவிரிக் கரையில்?

சென்னையில் 1991-ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்த வேலையைச் செய்துவருகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. 2007-ல் வந்த அமீர்கானின் 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் திருச்சியிலும் நிறையப் பேர். தியேட்டரில் வந்த அந்த இரக்கம், வீட்டில் பையனின் ரேங்க் கார்டைப் பார்த்ததும் எங்கே போயிற்று?

சட்டம் இருக்கிறது

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுதான் இருந்தது. டிஸ்லெக்சியாவுக்கு இடமே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையாக்கி இதையும் சேர்த்தது. அதன் 16-வது பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ற முறையில் கற்றுக்கொடுக்கச் செய்யவேண்டும் என்கிறது. அரசுப் பள்ளி மட்டும் அல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடக்கம். அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்துவிட்டது. 'மக்கு' என்று வகுப்பில் கூப்பிடுவதும் மனம் நோகச் செய்வதுதானே?

அரசுத் தேர்விலும் சலுகை உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம். பையன் சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள். ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு. ஆனால் இதெல்லாம் தானாக வீடு தேடி வராது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும், தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் போகவேண்டும்.

கோளாறு இங்கேதான். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, 8 வயது ஆன பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்றது. நம் பெற்றோர் எப்போது ஓடுகிறார்கள்? பத்தாம் வகுப்பில், தேர்வு கழுத்தை நெரிக்கும்போது! பையனுக்கு அப்போது 15 வயது. ஏழு வருஷம் பாழ்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் பாஸ். பிள்ளையை நிறுத்திவைக்காதது நல்லதுதான். ஐந்திலும் எட்டிலும் பெயில் போடலாம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் விதியை மாற்றியபோது தமிழக அரசு அதை ஏற்காததும் சரிதான். பெயில் போட்டால் எழுத்து வந்துவிடுமா? ஆனால் பாஸ் போடுகிற கை, இந்தப் பையனால் ஒரு பத்தி படிக்க முடிகிறதா என்று பார்க்கவும் வேண்டாமா? பார்க்காமலே தள்ளிவிட்டால், ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் தலையில் விழுகிறது. அவர் பாடத்தை முடிப்பாரா, அகர வரிசையைத் தொடங்குவாரா?

வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடவேண்டிய நிலை. மற்றக் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் அவர்தான் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறை முன்னே வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறை கடைசி வரிசையிலேயே நிற்கும்.

எனவே மாவட்டக் கல்வி அதிகாரிகள் செய்யவேண்டிய முதல் வேலை சிறியதுதான். ஒவ்வொரு பள்ளியிலும், மெட்ரிக் பள்ளி உட்பட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, அரைப் பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். தடுமாறுகிற பிள்ளைகளின் பட்டியலைத் தயார் செய்யட்டும். அந்தப் பட்டியலோடு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரே இடத்தில் முகாம் போட்டு, குழந்தை டாக்டரையும் உளவியல் நிபுணரையும் அங்கே வரவழைக்கட்டும். தினக்கூலிக்காரர் சான்றிதழுக்காக நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைய முடியாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவரை காத்திருக்க நேரம் இல்லை. அவர்களுடைய விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர்கள் கடைசி தேதி வரை இழுக்காமல் அனுப்பிவைக்க வேண்டும். ஒரு தபால் தாமதமானால், அந்தப் பையன் மூன்று மணி நேரமும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.