கருகிய பெஞ்சும் 'பாண்டி' என்ற சொல்லும்

காரக்கோணம் கேரளத்தில்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கொள்வினை கொடுப்பினை மட்டும் எல்லையைப் பார்க்கவில்லை. அக்காவைக் கேரளத்துப் பாறசாலையிலும் தங்கையைத் தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலும் கட்டிக்கொடுத்த வீடுகள் இங்கே புதிதல்ல. இத்தனை நெருக்கம் இருந்தும் கோபம் வந்தால் கேரளப் பக்கத்தில் தமிழரைப் 'பாண்டி' என்கிறார்கள், தமிழ்நாட்டுப் பக்கத்தில் மலையாளியை 'மலையாளத்தான்' என்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் பிறக்கிற சொற்கள் இவை.

தெரியாது என்று ஒப்புக்கொண்டு பார்க்கப் போனவர்களால்தான் இந்த மண்ணில் பல மாற்றங்கள் வந்தன.

காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலேயரான அவர் 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்தவர். பயணம் முடிந்ததும் நேரே ஊர் திரும்பாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். தெற்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், நீண்ட வரிசையில் காத்திருந்த நோயாளிகளுக்கு ஒரே ஒரு அறுவை மருத்துவர் இருப்பதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்தார்.

சாமர்வெல்லுக்குக் கதவுகள் திறந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ளும் ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான், வாசல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. வெங்ஙானூரில், தீண்டாமைக்கு ஆளான புலையர் சாதியில் பிறந்த அய்யன்காளிக்குப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை. தன் மக்களின் பிள்ளைகளாவது படிக்க வேண்டும் என்று அவர் நின்றார். அதற்காக விவசாயக் கூலிகள் வயலில் இறங்க மறுத்தார்கள். புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று 1910-இல் திருவிதாங்கூர் அரசு ஆணை போட்டது. அந்த ஆணையை நம்பி, பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார் அய்யன்காளி. ஒரு சிறுமி உள்ளே வந்து உட்கார்ந்ததைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்ச் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் அந்தப் பள்ளிக்கே அய்யன்காளி, பஞ்சமி பெயர்கள் சூட்டப்பட்டன.

தீ வைத்தவர்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள்? ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். பெயர் என்ன, வீடு எங்கே, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுப் பழகிய பிள்ளையிடம், அவனைத் தொடாதே என்று அப்புறம் சொல்லிப் பாருங்கள், எடுபடாது. சாதிக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்படி எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தவர்களும் இருந்தார்கள். தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரம் போனவர். ஆங்கிலேய ரெசிடென்சியில் உத்தியோகம், வீட்டில் யோகப் பாடம். சட்டம்பி சுவாமிகள், நாராயண குரு, அய்யன்காளி என்று அவரைத் தேடி வந்தவர்கள் பல சாதியினர். எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததற்காகப் 'பாண்டி' என்றும், சாதி சொல்லியும் அவரை ஏசினார்கள். எல்லையில் இன்றும் கேட்கிற அதே சொல்!

அவரைத் தேடி வந்த நாராயண குரு தமிழை ஆசையோடு கற்றார். திருக்குறளின் சில அதிகாரங்களையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனார், தமிழில் பதிகங்களும் பாடினார். நெய்யாற்றங்கரையை அடுத்த அருவிப்புரத்தில் 1888-இல் சாதித் தடையை மீறி ஆற்றுக் கல்லை எடுத்துச் சிவனாக நிறுத்தியவரும் அவர்தான். 1924-இல் ஆலுவாவில் அவர் கூட்டிய சர்வமத மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர். வாதாடி ஜெயிப்பதற்கல்ல, அறியவும் அறிவிக்கவுமே இந்த மாநாடு என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார் குரு. சமயங்கள் கூடிய இடத்தில் அப்படி ஒரு பலகை வைக்கப் பெரிய மனம் வேண்டும்.

எல்லைப் பள்ளிகளில் அந்தப் பலகைக்கு இன்று வேலை இருக்கிறது. பாறசாலைப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் எழுத்தைக் கற்கட்டும், களியக்காவிளைப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் மலையாள எழுத்தைக் கற்கட்டும். மொழிச் சிறுபான்மையினருக்கான சலுகையாக இதை ஒதுக்கிவிடக் கூடாது. பக்கத்து ஊர் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது.

பெற்றோர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை ஊரூட்டம்பலத்துக்கு அழைத்துப் போகலாம். இந்த பெஞ்ச் ஏன் கருகியிருக்கிறது என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.