பிறந்த பிறகு யோசிக்கலாமா?

“குழந்தை முதலில் நல்லபடியாகப் பிறக்கட்டும். டாக்டர், தடுப்பூசி எல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.” கருவுற்ற பெண் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. பாட்டி சொல்கிறாள், படித்த மாப்பிள்ளையும் சொல்கிறார். நாம் இதை ஒப்புக்கொள்ள மாட்டோம். எந்தக் குழந்தை டாக்டரிடம் போவது, என்னென்ன ஊசி போடுவது என்ற இரண்டு முடிவுகளும் பிரசவத்துக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

ஏன்? வியாதி காத்திருப்பதில்லை. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வியாதிக்கான முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவத்தில் தாயிடமிருந்து அந்தக் கிருமி தொற்றும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரை அது நாள்பட்ட வியாதியாகப் பற்றிக் கொள்கிறது. அந்த 24 மணி நேரத்தில் தாய் களைத்துக் கிடக்கிறாள். தகப்பன் பில்லுக்கும் மருந்துக்கும் அலைகிறான். நிதானமாக யோசிக்கிற நேரமா அது? அந்த நேரத்தில் எவன் காதில் ஓதுகிறானோ அவன் சொல்லே வேதமாகிவிடும்.

ஓதுகிறவர்கள் இரண்டு வகை. முதலாவது வகை, வதந்தி வியாபாரிகள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது இவர்கள் வாட்ஸப்பில் கிளப்பிவிட்ட புளுகுகளை நம்பி எத்தனையோ பெற்றோர் மிரண்டார்கள். ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது இவர்களுடைய பழைய பல்லவி. இதன் பூர்வீகம் என்ன? 1998ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. ஊசிக் கம்பெனிகள் மீது வழக்குப் போட முனைந்த வக்கீலிடம் அவர் பணம் வாங்கியது பின்னர் அம்பலமாயிற்று. 2010ல் பத்திரிகை கட்டுரையை வாபஸ் வாங்கியது. அதே ஆண்டு அவர் பெயர் டாக்டர்கள் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. செத்துப்போன அந்தப் பொய்க்குத்தான் இங்கே பாடை கட்டித் தூக்கி வருகிறார்கள்!

“எங்கள் பிள்ளை, எங்கள் இஷ்டம்” என்றும் சிலர் வாதிக்கிறார்கள். இவர்களைக் கேட்கிறோம்: நம் நாட்டு அட்டவணைப்படி தட்டம்மைக்கு முதல் ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான். தாய் தந்த எதிர்ப்புச் சக்தியோ அதற்குள் தேய்ந்து போகிறது. அதுவரை கைக்குழந்தையைக் காப்பது எது? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட ஊசிதான்! நூற்றில் 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் தட்டம்மை பரவாமல் நிற்கும். அண்டை வீட்டார் தந்த அரணுக்குள் இருந்துகொண்டு ‘என் இஷ்டம்’ என்பது என்ன நியாயம்?

இரண்டாவது வகை, மருத்துவத்தைக் கடையாக்கிவிட்டவர்கள். “சர்க்கார் ஊசி மட்டம், ஜுரம் வரும். எங்களிடம் வலியில்லாத ஊசி இருக்கிறது” என்று ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். சர்க்கார் ஊசியில் ஓரிரு நாள் ஜுரமும் வீக்கமும் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிராக வலியில்லா ஊசி தரும் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்து போகிறது. இந்த மறுபாதியை அவர்கள் சொல்வதுண்டா? கூலிக்காரன் ஒருவன் கடன் வாங்கி அந்த ஊசியைப் போடுகிறான். இரண்டாம் தவணைக்குப் பணமில்லாமல் நின்றுவிடுகிறான். நஷ்டம் குழந்தைக்கு!

ஆகவே ஏழாம், எட்டாம் மாதத்திலேயே டாக்டரைப் போய்ப் பாருங்கள். கூசாமல் கேளுங்கள்: குழந்தை மருத்துவத்தில் பட்டம் உண்டா? நடுராத்திரியில் ஜுரம் வந்தால் யாரிடம் போவது? கரண்ட் போனால் ஊசி மருந்தின் குளிர்ச்சிக்கு என்ன ஏற்பாடு? எந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், எது கூடுதல் என்று பிரித்து எழுதித் தருவீர்களா? கேள்விக்கு முகம் சுளிக்கிறவர் உங்கள் டாக்டரல்ல. தனி டாக்டருக்கு வசதி இல்லையா? கிராம சுகாதார செவிலியரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பெற்றோருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நாம் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. 2008 ஜனவரியில் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தர விதிகள் பூர்த்தியாகவில்லையாம்! பூர்த்தி செய்யப் பணம் ஒதுக்க வேண்டியவர் யார்? அதே அரசுதானே? 2010ல்தான் அந்த உத்தரவு விலகியது. இலவச ஊசி ஏழையின் கடைசி அரண். அதற்கான மருந்தைத் தனியார் கையையே நம்பி வைப்பது ஆபத்து.

பொது உற்பத்தி நிலையங்களுக்குப் போதிய நிதி வேண்டும். செவிலியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது. ஊசிக்குப் பின் ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் மூடி மறைக்காமல் விசாரித்து முடிவை வெளியிட வேண்டும். அப்போதுதான் வதந்திக்காரன் வாய் அடைபடும்.

பெரியம்மை இந்நாட்டில் 1975ல் ஒழிந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி 2011க்குப் பின் தலைகாட்டவில்லை. இரண்டையும் விரட்டியது வீடு வீடாக ஏறி இறங்கிய ஊழியர்களும் குழந்தையை நீட்டிய தாய்மார்களும்தான். அந்த வெற்றி பறிபோகாமல் இருக்க வேண்டுமானால், பிறக்கப் போகும் குழந்தைக்கான முடிவைப் பிறக்கும் முன்பே எடுங்கள்!