தேர்வுத்தாளும் தாயகமும்

அண்மைக் காலமாக நம் இல்லங்களில் ஒரு புதிய பொழுதுபோக்கு புகுந்திருக்கிறது. அமெரிக்காவில் பணியாற்றும் பிள்ளைகள் பலர், அங்கே நிலையான வாழ்வுரிமைக்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வது கண்டு, அண்டை நாடாகிய கனடாவை நோக்கத் தொடங்கியுள்ளனர். அந்நாட்டுக் குடியுரிமைத் தேர்வின் மாதிரி வினாக்கள் முதலில் அவர்கள் கைக்கு வருகின்றன. பின்னர் அவர்கள் வழியே கொல்கத்தாவிலும் டில்லியிலும் மும்பையிலும் உள்ள பெற்றோர் கைக்கு வந்து சேர்கின்றன. துறைத் தேர்வுகள் எழுதியே தலைநரைத்த நம்மவர்க்கு வினாத்தாள் என்றால் விருந்து அன்றோ! மாலை வேளைகளில் கூடி விடை சொல்லிப் பார்க்கிறோம்.

வினாக்கள் இருபது, பதினைந்துக்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. கனடாக் கூட்டாட்சி எந்த ஆண்டில் அமைந்தது? 1867. முதற் பிரதமர் யார்? ஜான் மக்டொனால்டு. நியூபவுண்ட்லாந்து எப்போது இணைந்தது? 1949. நுனவுட் ஆட்சிப்பகுதி எப்போது உருவாயிற்று? 1999. இவற்றுக்கென அந்நாட்டு அரசு 2009ஆம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டு, அதனை விலையின்றி வழங்கி வருகிறது. அதை இருமுறை ஊன்றிப் படித்தவர் எவரும் தேறலாம். பனியையே கண்டறியாத நம் பெரியவர்களும் பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கை பெறுகின்றனர்.

இதுவரையில் குறையொன்றும் இல்லை. குடியேற விரும்பும் நாட்டின் வரலாற்றை அறிவது நன்று. அறிவது இன்பமும் ஆகும். நாம் எதிர்ப்பது வேறொன்றை. இவ்விளையாட்டின் முடிவில் நம்முள் சிலர் எழுந்து, "இத்தகைய தேர்வொன்று நம் நாட்டிலும் வேண்டும், தேறாதவனுக்கு வாக்குரிமை எதற்கு?" என்று முழங்குகின்றனர். இன்னும் சிலர், "ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலம் சென்று வாழ்வோர்க்கும் இப்படியொரு தேர்வு வைத்தால் என்ன?" என்கின்றனர். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த நாமே இவ்வாறு பேசுவது, ஏறிவந்த ஏணியை நாமே எட்டி உதைப்பதாகும்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அந்த நாட்டிற் பிறந்தவர்க்கு இத்தேர்வு இல்லை. அவர் நுனவுட் எங்குள்ளது என அறியாமலே வாக்களிக்கலாம், வழக்காடலாம், அமைச்சரும் ஆகலாம். வந்து சேர்ந்தவர்களுள்ளும் பதினெட்டு முதல் ஐம்பத்து நான்கு வயது வரையுள்ளோரே எழுதவேண்டும்; ஐம்பத்தைந்தைக் கடந்தவர்க்கு விலக்கு உண்டு. அறிவே குடிமையின் உயிர் எனின், முதியவரின் குடிமைக்கு உயிர் இல்லையா? சட்டமே அவ்வாறு கருதவில்லை. ஆகவே இத்தேர்வு புதியவரை வரவேற்கும் ஒரு சடங்கு. குடிமையை அளக்கும் துலாக்கோல் அன்று.

சடங்கு என்றால் தீங்கில்லை. ஆனால் வரவேற்கும் வாயிலே விலக்கும் வாயிலாகவும் மாறக்கூடும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. ஆஸ்திரேலியா 1901இல் இயற்றிய சட்டத்தின்படி, வந்திறங்குபவர் அதிகாரி வாசிக்கும் ஐம்பது சொற்களை ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதிக் காட்டவேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரியே. வெள்ளையர் அல்லாதாரைத் தடுப்பதே அதன் நோக்கம். 1934இல் பல மொழிகள் கற்ற எகான் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தபோது, அவரைத் தோற்கச் செய்வதற்கென்றே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர். பின்னர் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. எனினும் அந்தத் தேர்வு முறை 1958 வரை நீடித்தது. வினாத்தாள் யார் கையில் இருக்கிறதோ, விடையும் அவர் கையில்தான் இருக்கிறது.

கனடாவின் கதையையும் காண்போம். 1914 மே மாதம் கோமகட்ட மாரு என்னும் கப்பல் 376 இந்தியருடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். ஆயினும் பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வரவேண்டும் என்ற விதி முதலியவற்றைக் காட்டி, இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி, மிகச் சிலர் நீங்கலாக அனைவரையும் திருப்பி அனுப்பினர். திரும்பிய கப்பல் கரைசேர்ந்த இடம் வேறெங்கோ அன்று. நம் கொல்கத்தாவை அடுத்த பஜ்பஜ். அங்கும் துப்பாக்கிச் சூடே அவர்களை வரவேற்றது. அதற்காகக் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2016இல்.

அதே நாட்டின் மற்றொரு முகமும் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர் தத்தளித்தனர். அவ்வூர் மீனவர்கள் கண்டு கரை சேர்த்தனர். கூட்டாட்சி அமைந்த ஆண்டு எது என்று அம்மீனவர்கள் கேட்கவில்லை. ஒரு நாட்டின் பெருமையைக் கையேட்டில் காண்பதினும் அந்தப் படகோரத்திற் காண்பதே மேல்.

இனி, நமக்கு மிக அண்மையில் உள்ள நாட்டுக்கு வருவோம். கனடாவின் கூட்டாட்சி அமைந்த அதே 1867இல்தான் இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை வணிகப் பயிராக நடப்பட்டது. அதற்கு முன் காப்பித் தோட்டக் காலத்திலேயே நம்மவர் அங்குச் சென்றிருந்தனர். காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். பாதையும் இருப்புப்பாதையும் அமைக்க உழைத்தனர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அவர்கள் முன் ஒரு தேர்வு வைக்கப்பட்டது. அங்கே பிறந்தால் மட்டும் போதாது. தந்தை அங்குப் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்கவேண்டும். லயத்து அறையிற் பிறந்த தந்தைக்குப் பதிவுச் சான்று ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமானவர்க்கு ஏழாண்டு, மற்றவர்க்குப் பத்தாண்டு இடையறாத வாழ்வுக்குச் சான்று கேட்டது. அவ்வாண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அமர்ந்து ஒப்பந்தம் செய்தனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். கோப்புகளோடு வாழும் நமக்கு எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரியும். ஆனால் அவ்வெண்களுக்குரிய மக்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோர் நிலை சீராவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தேயிலைச் செடியைப் பற்றி இருபது வினா கேட்டிருந்தால் அவர்களிடம் தோற்காத அமைச்சர் எவரும் இருந்திருக்க மாட்டார்!

நம் நாடும் இக்குற்றச்சாட்டிலிருந்து முற்றும் தப்பவில்லை. 1983க்குப் பின் அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர் இன்னமும் தமிழகத்து முகாம்களில் வாழ்கின்றனர். அங்கே பிறந்து, நம் பள்ளியிற் பயின்று, நாட்டுப்பண் பாடி வளர்ந்த பிள்ளைகளுள் பலர் குடியுரிமை இன்றி நிற்கின்றனர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளைக் குறித்தது. இலங்கை அவற்றுள் இல்லை. எந்தத் தேர்வு வைத்தாலும் தேறக்கூடிய அப்பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்க்குத் தேர்வு வேண்டும் என்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் நம் சட்டத்தில் பெருமைக்குரிய ஒரு வரி உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி குடியுரிமை வேண்டும் அயல்நாட்டார், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஏதேனும் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருந்தாற் போதும். இன்று அம்மொழிகள் இருபத்திரண்டு. தமிழ் மட்டும் அறிந்தவரும் இந்தியர் ஆகலாம். எந்த மாநிலத்திலும் வாழும் உரிமையை 19ஆம் பிரிவு நமக்கு அளிக்கிறது. லேக் மார்க்கெட்டில் நம்மவர் காப்பிக்கொட்டை வறுத்ததும், நம் குழந்தைகள் வங்கமொழி பயின்றதும் எந்தத் தேர்வில் தேறிய பின்பு? வாழ்ந்தோம், வாழ்ந்தபடியே கற்றோம். அண்டை வீட்டாரின் மொழியைக் கற்பது அன்பின் கடன். அதனை நுழைவுச் சீட்டாக்கினால் அன்பும் போகும், கல்வியும் போகும்.

ஆதலால் மாதிரி வினாக்களை நம் பிள்ளைகள் எழுதட்டும். கனடாவின் ஏரிகளையும் மாநிலங்களையும் அறிந்து மகிழட்டும். ஆனால் ஆண்டுகளை ஒப்பிப்பவனே குடிமகன் என்ற பேச்சு நம் சங்க மேடையில் ஒலிக்கலாகாது. வரி கொடுத்து, வயலிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, மண்ணோடு தன் மக்களையும் பிணைத்துக்கொண்டவன் எழுதவேண்டிய விடைகளையெல்லாம் தன் வாழ்நாளிலேயே எழுதிவிட்டான். அதைப் படித்துப் பார்ப்பதே அரசுகளின் கடமை. அதைப் படிக்குமாறு வற்புறுத்துவது, குடிபெயர்ந்து வாழும் நம் அனைவரின் கடமை.