வீடு புதுப்பிக்க அம்மாவைக் கேட்டீர்களா?

"வீட்டைக் கட்டிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். குடியிருந்துகொண்டே கட்டிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் கஷ்டம் அதைவிடப் பெரிது!

ஏற்காட்டுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட வேண்டும். கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்துவிட்டது. ஆனால், வேலை முடியும் வரை எங்கே குடியிருப்பது?

அதுவோ வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஊர். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. கீழே சேலத்தில் போய் இருக்கலாமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மலையில். காப்பித் தோட்டத்து வேலையும் மலையில். ஆகவே, வீட்டுக்குள் இருந்துகொண்டே வேலையைத் தொடங்குகிறார்கள்.

இது தவறு அல்ல. திட்டம் போடும் முறைதான் தவறு.

வீட்டுக்காரரும் மேஸ்திரியும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறார்கள். அம்மாவை யாரும் கேட்பதில்லை. மறுநாள் காலையில் அடுப்படிச் சுவர் இடிகிறது. அன்று முதல் 3 மாதம் அந்த அம்மாள் தார்ப்பாய்க்கு அடியில், குளிரில் நின்று சமைக்கிறார்!

அடுப்படியில் நிற்பவர்தான் திட்டம் போட வேண்டும். இதுதான் என் கட்சி. எந்த அறையை முதலில் பிரிப்பது, தண்ணீர் எங்கே பிடிப்பது, பாட்டி எங்கே படுப்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஜனாதிபதியும் ராணியும்

பெரிய இடத்தில் என்ன செய்தார்கள்?

அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் வெள்ளை மாளிகையில் இருந்தபோது, 1948-ல், அவருடைய மகளின் பியானோக் கால் மரத்தளத்தைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. மாளிகை அவ்வளவு உளுத்துக் கிடந்தது! அந்த ஆண்டே ட்ரூமன் குடும்பத்தோடு வெளியேறினார். எதிரே உள்ள பிளேர் மாளிகையில் தங்கினார். வெளிச்சுவரை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே அத்தனையும் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். 1952-ல்தான் அவர் திரும்பி வந்தார்.

லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் வேறு வழி. அங்கே பழைய மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்றும் வேலை 2017-ல் தொடங்கியது. 10 ஆண்டுத் திட்டம். 36 கோடியே 90 லட்சம் பவுண்டு செலவு. அரண்மனையைப் பூட்டவில்லை. ஒரு பகுதியைக் காலி செய்து, அதை முடித்துவிட்டு, அடுத்த பகுதிக்குப் போவது என்று வகுத்துக்கொண்டார்கள்.

நமக்கு எதிர்வீட்டில் பிளேர் மாளிகை கிடையாது. அதனால் ராணி வீட்டு வழிதான் நமக்கும்! ஓர் அறையை முடித்துவிட்டு அடுத்த அறை. அடுப்படி கடைசியில்.

மேஸ்திரி ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒரே தடவையில் தளம் போட்டால் செலவு குறையும். பலகை, முட்டுக்கு இரண்டு வாடகை வேண்டாம்" என்பார். அவர் சொல்வது உண்மை. இரண்டு தடவை போட்டால் இணைப்பில் நீர் கசியும் என்பார். அதிலும் உண்மை உண்டு. இணைப்பு சுவருக்கு மேல் வரும்படி அமைத்து, அடுத்த தளத்துக்குக் கம்பியை நீட்டி விட்டுவைக்க வேண்டும்.

கூடுதல் செலவைக் கொடுத்துவிடுங்கள் என்பேன். பாதி வேலையில் பணம் தீர்ந்துபோகாத வீடு எது? ஓர் அறை முடிந்து நின்றால், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எல்லா அறையும் திறந்து கிடந்தால், கடன்காரரிடம்தான் ஓட வேண்டும்.

எப்போது தொடங்குவது?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லி மீட்டர் மழை. ஜூன் முதல் நவம்பர் வரை வானத்தை நம்ப முடியாது. டிசம்பரையும் நம்ப வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றதை மறந்துவிடக் கூடாது. சிமெண்டும் கம்பியும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வர வேண்டும். பாதை அடைபட்டால் உங்கள் வேலையும் நின்றது!

டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பார்கள். அப்போது சித்தாள் கிடைப்பது கடினம்.

ஆகவே, பொங்கல் கழிந்து பழம் பறிப்பு ஓய்ந்ததும் தொடங்கி, கோடை மழைக்கு முன்பு மேல்தளத்தை முடிப்பது நல்லது. இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மழை இல்லாத மாதம்தான் தண்ணீரும் இல்லாத மாதம். போட்ட தளத்தைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். குடிக்க ஒரு தொட்டி, தளத்துக்கு ஒரு தொட்டி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொத்தனாருக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை.

முட்டுக்கொடுத்த அறையில் படுக்கை போடவே கூடாது. சின்ன அறையானாலும் 7 நாள். அகலமான அறை என்றால் 14 நாள்.

மலையில் கட்டுவதற்குத் தனி விதிகள் உண்டு. சுவரில் கடப்பாரை படுவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கரிச்சட்டி ஆபத்து!

ஓடு பிரித்த நாட்களில் குடும்பமே ஓர் அறைக்குள் ஒடுங்கும். குளிர் தாங்காது. உடனே ஒரு சட்டியில் கரியைப் போட்டுக் கனல் மூட்டுவார்கள். காற்று வராமல் கதவையும் ஜன்னலையும் அடைப்பார்கள்.

செய்யாதீர்கள்! எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார். இன்னொரு கம்பளி வாங்குங்கள்.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால், ரம்பத்தால் அறுக்கக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுத்தகடாக இறக்க வேண்டும். அன்று பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

வர்ணம் பூசுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். மூடுபனி ஊரில் புதுப்பூச்சு மெதுவாகத்தான் காயும். ஈரச்சுவரில் அடித்த வர்ணம் பொரிந்து உதிரும். ஒரு நல்ல மழை பெய்யட்டும். எங்கே கசிகிறது என்று அம்மா பார்த்துச் சொல்லட்டும். அதை அடைத்துவிட்டு, பிறகு வர்ண டப்பாவைத் திறக்கலாம்.