டயாலிசிஸ் செய்யும் தாத்தா பாட்டி எடை தூக்கலாமா? ரத்தச்சோகைக்கு ஊசி மட்டும் போதுமா?

"ரத்தம் கம்மியா இருக்கு. பீட்ரூட் கொடு, முருங்கைக்கீரை கொடு, பேரீச்சம்பழம் கொடு."

நம்ம வீடுகளில் ரத்தச்சோகை என்றதும் முதலில் வரும் வைத்தியம் இதுதான். மற்றவர்களுக்குச் சரி. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பாட்டிக்கு இதுவே ஆபத்தாக முடியலாம். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். செயலிழந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இன்னொரு விஷயம். அவருடைய ரத்தச்சோகைக்குச் சாப்பாடு முக்கியக் காரணமே இல்லை.

சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஏன் குறைகிறது?

சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனையும் அது சுரக்கிறது. 'சிவப்பணுக்களை உற்பத்தி செய்' என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது அந்த ஹார்மோன்தான். சிறுநீரகம் செயலிழந்தால் உத்தரவும் குறைந்துபோகிறது.

அடுத்து, இரும்புச்சத்து. டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் அழற்சி அதிகம். அதனால் ஹெப்சிடின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது. சேமிப்பில் இருக்கும் இரும்பை அது பூட்டி வைத்துவிடும். உணவிலிருந்து வரும் இரும்பையும் குடல் வழியாக உள்ளே விடாது. அதனால்தான் பலருக்கு இரும்பை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். கூடவே எரித்ரோபொயட்டின் ஊசி.

சரி, ஊசி போட்டாச்சு. ஹீமோகுளோபினும் ஏறியாச்சு. அப்புறமும் தாத்தாவால் ஏன் சோபாவிலிருந்து எழ முடியவில்லை?

ரத்தம் ஏறினாலும் கால் ஏன் தள்ளாடுகிறது?

முதல் காரணம், மருத்துவர்கள் ஹீமோகுளோபினை வழக்கமான அளவு வரை ஏற்றுவதே இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பொதுவாக 10 முதல் 11.5 வரை போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அது கஞ்சத்தனம் இல்லை. இதய நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதை வழக்கமான அளவுக்குக் கொண்டுவர முயன்ற ஓர் ஆய்வு, நன்மை இல்லை என்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 1998இல் வெளிவந்தன. 2009இல் வெளிவந்த மற்றொரு பெரிய ஆய்வு நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களைப் பற்றியது. ஊசியால் ஹீமோகுளோபினைக் கூடுதலாக ஏற்றியவர்களுக்குப் பக்கவாத அபாயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆக, ஊசிக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் மிஞ்சும் சோர்வுக்குப் பெரும் காரணம் தசை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கும் மேல் ஒரே நாற்காலியில். வீட்டுக்கு வந்தபிறகு களைப்பில் மீதி நாளும் படுக்கைதான். "பேசாம படுங்க தாத்தா" என்று நாமும் அன்பாகச் சொல்வோம். வயதானால் தசை எப்படியும் தேயும். சுத்திகரிப்பில் புரதமும் கொஞ்சம் வெளியேறுகிறது. தசையே இல்லாவிட்டால் ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை யார் பயன்படுத்துவது?

பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

இதற்கு நல்ல சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. 21 டயாலிசிஸ் நிலையங்களில் நடந்த ஆய்வு, 2023இல் வெளியானது. 917 பேர் முழுமையாகப் பங்கேற்றனர். சராசரி வயது சுமார் 65. ஒரு குழு டயாலிசிஸ் நேரத்திலேயே மிதிவண்டிப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்தது. தொடக்கத்தில் இரு குழுக்களுமே நாற்காலியிலிருந்து ஒரு நிமிடத்தில் சராசரியாக 16 முறை எழுந்து உட்கார்ந்தன. 12 மாதம் கழித்து, பயிற்சி செய்தவர்கள் 19ஐத் தொட்டனர். செய்யாதவர்கள் 15க்கும் கீழே இறங்கினர்.

மூன்று முறைதானே கூடியது என்று தோன்றலாம். ஆனால் யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய்வர முடியுமா என்பது இந்த மாதிரி எண்களில்தான் இருக்கிறது.

ரத்தச்சோகையும் இதனால் சரியாகுமா? பிரேசிலில் டயாலிசிஸ் செய்யும் மூத்தோரிடம் நடந்த ஓர் ஆய்வில், தசைப் பயிற்சிக்குப் பிறகு ஹெப்சிடின் குறைந்து இரும்பு கிடைப்பது மேம்பட்டது. நம்பிக்கை தரும் தகவல்தான். ஆனால் அதை வைத்து ஊசியை நிறுத்துவது பெரிய தவறு. எல்லாப் பயிற்சியும் பலன் தரும் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் டயாலிசிஸின்போது மிதிவண்டிப் பயிற்சி மட்டும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை.

சிங்கப்பூருக்கு இது ஏன் முக்கியம்?

இங்கே புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கும் மூவரில் ஏறக்குறைய இருவருக்கு நீரிழிவுதான் காரணம். நீரிழிவு விகிதம் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம். 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். டயாலிசிஸ் நாற்காலிகள் இன்னும் தேவைப்படும். அவற்றில் உட்காரப்போவோரில் பலர் மூத்தோர்.

தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சித் திட்டம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஹீமோகுளோபின் எண்ணை எல்லாக் குடும்பங்களும் விசாரிக்கின்றன. 'எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது?' என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த மருத்துவச் சந்திப்புக்குத் தாத்தாவோடு போகும் பேரப்பிள்ளை தாராளமாகக் கேட்கலாம்.

ஜிம்முக்குப் போகணுமா? தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழுவது, கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலை நீட்டுவது, ரப்பர் பட்டையை இழுப்பது போதும். மருத்துவரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ கேட்டபிறகு தொடங்கவேண்டும். டயாலிசிஸ் நேரத்தில் செய்வதென்றால் முதல் இரண்டு மணி நேரம் நல்லது. அதற்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கலாம். ஊசி குத்தியிருக்கும் கை அசையக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தணும்.

சாப்பாட்டிலும் ஒரு பழைய பழக்கத்தைக் கவனியுங்கள். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு பலரிடம் "புரதத்தைக் குறைங்க" என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழ்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ பாட்டிக்கு அது 60 முதல் 72 கிராம். அதை மீனிலிருந்தும் முட்டை வெள்ளையிலிருந்தும் எப்படிச் சேர்ப்பது என்று உணவியல் நிபுணரிடம் கேட்டு வாங்குங்கள்.