கஞ்சிக்கோட்டில் மின்கல நூல்

மாண்புமிகு கேரளத் தொழில்துறை அமைச்சர் அவர்களுக்கு,

பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளிக்காரர்கள் ஆலையே வேண்டாம் என்பவர்கள் அல்லர். 2025 ஜனவரியில் அங்கே மதுபான ஆலைக்கு அரசு முதற்கட்ட அனுமதி தந்தபோது எழுந்த முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான். நிலத்தடி நீர்ச் சர்ச்சையால் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2004இல் நின்றுபோனதையும் கண்ட வட்டாரம் அது.

அந்த மக்களின் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழில் ஒன்று உண்டு: மின்சாரத்தைச் சேமிக்கும் நூல்.

பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்று 1977இல் ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் காட்டினார்கள். 2000இல் நோபல் பரிசு பெற்றார்கள். பாலிபிர்ரோல் போன்ற மின்கடத்தும் பாலிமர்கள் மின்னேறும்போது அயனிகளை உள்வாங்கும், மின்னிறங்கும்போது வெளியே விடும். சிக்கலும் அங்கேதான். வீங்கிச் சுருங்கி, வீங்கிச் சுருங்கி, நாளடைவில் விரிசல் விடும். கார்பன் நானோகுழாய் நூலின் மேல் பாலிமரைப் படியவைத்தால் அந்த நூலே அதைத் தாங்கும், மின்சாரத்தையும் கொண்டுசெல்லும். ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

நூல் வடிவ மின்கலம் வெறும் கனவன்று. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகம் 2021இல் லித்தியம் அயனி மின்கல இழைகளையே மீட்டர் கணக்கில் செய்தது. நீளம் கூடக் கூட உள்மின்தடை குறைந்து, பிறகு நிலைபெற்றது. ஒரு மீட்டரில் 25 மில்லிஆம்பியர் மணி. 500 முறை ஏற்றி இறக்கிய பின்னும் 90 விழுக்காடு திறன் மிஞ்சியது.

இதற்கான அறிவெல்லாம் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. பாலக்காட்டில் ஐஐடி; வாளையாறு தாண்டினால் கோவையின் நூற்பாலைகள், 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா; காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். இஸ்ரோ நுட்பத்தைக் கொண்டு கண்ணூர் கெல்ட்ரானில் 2024இல் மின்சாரம் சேமிக்கும் சூப்பர்கெப்பாசிட்டர்களுக்கான ஆலை திறந்த அரசுக்கு, இவர்களை ஒன்றுசேர்ப்பது பெரிய வேலையில்லை. பாலக்காட்டின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு சிறிய சோதனை நூற்பு நிலையம் போதும்.

ஆனால் ஒன்று. வலுவான நானோகுழாய் நூலுக்குப் பெயர்பெற்ற, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட முறை, குழாய்களைக் குளோரோசல்போனிக் அமிலத்தில் கரைத்து நூற்கிறது. தண்ணீர் பட்டால் சீறும் அமிலம் அது. அந்த அமிலக் கழிவு ஓடையில் கலந்தால் பிளாச்சிமடைக் கதையே மீண்டும் நடக்கும்.

ஆகவே எவ்வளவு தண்ணீர் எடுக்கப்படும், அமிலம் எப்படி மீட்கப்படும், கழிவு எங்கே போகும் என்ற மூன்றையும் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, கிராம சபையின் முன் வையுங்கள். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.